பழைய காரும் தானியங்கிக் கியரும்

நெடுநாள் அம்பாசிடர் கார் ஓட்டிய ஒருவருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டால் அவர் செய்யத்தக்கது யாது? காரை விற்றுவிடலாம், டிரைவர் ஒருவரை அமர்த்தலாம், அன்றிக் கிளச்சு மிதியே வேண்டாத தானியங்கிக் கியர்ப்பெட்டியை அக்காரிலேயே பொருத்தலாம். அறுபது வயதைக் கடந்த எனக்கும் இக்கேள்வி எழுந்தது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில், சிவகாசியிலிருந்து விருதுநகருக்குப் பட்டாசு லாரிகளின் பின்னே நின்று நின்று வருகையில் கிளச்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்பதை நம் முழங்கால் நன்கறியும்.

முதலில் கியர்ப்பெட்டியின் தொழிலைக் காண்போம். எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் வலுக் கொடுக்கும். வண்டியோ நின்ற நிலையிலிருந்து மெல்லப் புறப்பட வேண்டும். இவ்விரண்டையும் இணக்கிவைப்பது கியர்ப்பெட்டி. சாதாரண வண்டியில் கியரை மாற்றும்போது எஞ்சினைச் சற்றே பிரித்து வைப்பது கிளச்சு.

தானியங்கி அமைப்பில் அவ்வேலையை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று கொண்டால் தத்துவம் விளங்கிவிடும். அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் இத்தகைய பெட்டி வந்தது. 1950-இல் செவ்ரோலெட் கார்களிலும் ‘பவர்கிளைடு’ என்ற பெயரில் இடம்பெற்றது.

அம்பாசிடருக்கு இது பொருந்துமா? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே நம் நாட்டில் அம்பாசிடர் ஆயிற்று. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை அது உற்பத்தியாயிற்று. நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ‘பி வரிசை’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து 1622 சி.சி. எஞ்சினுடன் 1961-இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு ஆறாம் வரிசையில், ‘போர்க்-வார்னர் 35’ என்னும் மூன்று கியர்த் தானியங்கிப் பெட்டியை விரும்பியோர் பெறலாம். 1967 முதல் எம்.ஜி.பி. காரிலும் அது கிடைத்தது. ஆகவே இந்த எஞ்சினும் தானியங்கிப் பெட்டியும் முன்பே உறவு கொண்டவையே. சம்பந்தமற்ற ஒரு பெட்டியை வலிந்து மாட்டுவதினும், இவ்வாறு உறவு கண்ட பெட்டியைத் தேடுவதே அறிவுடைமை.

எனினும், பெட்டி கிடைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. கனமான பறவைச் சக்கரத்தை நீக்கி மெல்லிய செலுத்தத் தகடு வைக்க வேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளத்தைத் திருத்த வேண்டும். கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள் வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கையில் கீழ்க் கியருக்கு இறங்கச் சொல்வது அதுவே. கியர் விழுந்திருக்கையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்சும் இன்றியமையாதது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மையம். சிவகாசி அச்சகங்களில் நான்கு வண்ணங்களில் ஒன்று மயிரிழை விலகினும் படம் கெடுவதைக் கண்டிருப்பீர்கள். எஞ்சின் தண்டின் மையமும் பெட்டியின் மையமும் அவ்வாறே ஒன்ற வேண்டும். விலகினால் உள்ளிருக்கும் எண்ணெய்ப் பம்பு தேய்ந்துபோகும். மேலும், அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டகம் இல்லை. உடலும் தரைத்தகடும் ஒன்றாகவே பாரம் தாங்குகின்றன. இடம் போதவில்லை என்று தரையை வெட்டுவோர் வண்டியின் முதுகெலும்பையே வெட்டுகின்றனர்.

அடுத்தது வெப்பம். எண்ணெய் சுழலுந்தோறும் சூடேறும். எங்கள் கரிசல் பூமியின் சித்திரை வெயிலில் அதைத் தணிக்கத் தனிக் குளிர்விப்பான் வேண்டும். நண்பர் ஒருவர் தம் பழைய காரில் தானியங்கிப் பெட்டி வைத்தார். குளிர்விப்பான் வீண்செலவு என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். சாத்தூரைத் தாண்டுமுன்பே வண்டி நின்றது. சிவந்திருக்க வேண்டிய எண்ணெய் கருகி நாறிற்று. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பாட்டரி இறங்கினால் இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய இயலாது.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தலாகாதென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் உடற்குறை உள்ளவர் பயன்பாட்டுக்கென வண்டியை மாற்றியமைக்க அனுமதி தருவதற்கும் அதே பிரிவில் இடமுண்டு. எனவே முதலில் பதிவு அலுவலகம், பிறகே பட்டறை. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் குலையாத கார்களுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்துள்ளது. அத்தகைய காரைத் தொடாதிருப்பதே நன்று. அது நமக்கு மட்டும் உரியதன்று.

அன்றாடம் ஓடும் காரின் கதை வேறு. ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவிற்கும் பிறர் கையை எதிர்பாராமல் சென்று வருவது முதியவருக்குச் சிறிய செல்வமன்று. அதற்காகப் பெட்டியை மாற்றலாம். ஆனால் அளந்து மாற்றுங்கள். அனுமதி பெற்று மாற்றுங்கள். கழற்றிய பழைய பெட்டியைத் துடைத்து, எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். நமக்குப் பின் அக்காரை ஓட்டப்போகும் பேரனுக்கு இரண்டு கால்களும் நன்றாகவே இருக்கும்.