ஃபர்னஸ் பற்றாத இரவு

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. அங்கே வீட்டுக்குச் சூடு தரும் கேஸ் ஃபர்னஸ் நின்றுபோனால், தண்ணீர்க் குழாய்களே உறைந்து வெடிக்கக்கூடும்.

ஃபர்னஸ் தன் வேலையை வரிசை மாறாமல் செய்யும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும், முதலில் ஒரு சின்ன விசிறி ஓடி, உள்ளே தங்கிய வாயுவை வெளியேற்றும். காற்றோட்டம் சரி என்று அழுத்த சுவிட்ச் உறுதிசெய்த பிறகே, பற்றவைக்கும் பாகம் செக்கச்செவேலென்று பழுக்கும்; அதன்பின் வால்வு திறந்து கேஸ் வரும். எந்தப் படியில் நின்றது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விசிறி ஓடியும் அந்தப் பாகம் பழுக்கவில்லையா? வெளிச்சுவரில் இருக்கும், வாயு வெளியேறும் குழாயின் வாயைப் பனி மூடியிருக்கலாம். அல்லது அந்தப் பாகத்திலேயே விரிசல் விழுந்திருக்கலாம். தீ பற்றிச் சில நொடிகளில் அணைகிறதென்றால், அடிக்கடி காணும் காரணம் சுடர் உணரியில் படிந்த அழுக்குதான். அந்த மெல்லிய கம்பி, சுடர் வழியே ஓடும் சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரத்தை வைத்துத்தான் தீ எரிவதை அறிகிறது! மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு, அதைக் கழற்றி மெல்லிய இரும்பு நாரால் இலேசாகத் தேய்த்தால் பல நேரம் சரியாகிவிடும்.

தெர்மோஸ்டாட் பேட்டரி, அடைத்துப்போன ஃபில்டர், சரியாக மூடாத ஃபர்னஸ் கதவு ஆகியவற்றை மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பே பார்த்துவிடலாம்.

கேஸ் வாடை வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் கூடாது. சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, தள்ளி நின்றுதான் கேஸ் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.