"எங்க வச்ச?"

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன வருஷம் கடன் திருப்பிக் கட்டுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. இந்த வருஷம் "வீட்டை ஒழுங்கா வச்சுக்கிறதைப் பத்திப் பேசு" என்று சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துச்சு. என் பழைய வீட்டைப் பார்த்த ரெண்டு பேர் முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்க இப்பவே சிரிக்கிறாங்க, பாருங்க.

நம்ம ஊர்ல வீடு வேலையோட வரும், வேலையோட போகும். 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்ச காலத்துல இருந்து எத்தனையோ குடும்பம் குவார்ட்டர்ஸுக்குள்ள வந்துச்சு, எத்தனையோ குடும்பம் சாவியை ஒப்படைச்சுட்டு வெளியே போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு சுரங்கத்துல வேலை. 30 வருஷம் ஒரே குவார்ட்டர்ஸ். ஒரு நாள் காலி பண்ணணும்னு தெரியாதா? தெரியும். ஆனா 30 வருஷம் தள்ளி இருக்கிற நாளை யாரும் நினைக்கிறதில்லை. பரண் இருக்கு, தோட்டத்துல ஷெட் இருக்கு, தூக்கிப் போடு உள்ளே. அப்படித்தான் ஓடிச்சு.

அவர் ஓய்வு பெற ரெண்டு மாசம் இருக்கும்போது பென்ஷன் விண்ணப்பத்துக்கு என் பிறந்த தேதிக்கு அத்தாட்சி வேணும்னு சொன்னார். ஆதார்ல ஒரு தேதி, ரேஷன் கார்டுல ஒரு வயசு. பள்ளிக்கூடத்து டி.சி.யைத்தான் தேடணும். மூணு நாள் தேடினேன். பீரோ, சூட்கேஸ், சாமி அலமாரி, அரிசி டிரம்முக்குப் பின்னாடி. மூணு நாளும் வீட்ல சண்டை. அவர் கேட்கிறார், "எங்க வச்ச?" பையன் போன்ல கேட்கிறான், "எங்கம்மா வச்ச?" யார் தொலைச்சாங்கன்னு ஒருத்தரும் கேட்கலை. நான்தான் வச்சேன், நான்தான் எடுக்கணும். கடைசியில என் கோலம் நோட்டுக்குள்ள இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி ஒரு விஷயம் புரிஞ்சுது. வீட்ல சாமான் அதிகமா இருக்கிறது ஒரு தொல்லைதான். அதைவிடப் பெரிய தொல்லை, எந்தச் சாமான் எங்க இருக்குங்கிற கணக்கு முழுக்க என் ஒருத்தி தலையில இருந்தது. நகவெட்டி எங்கே, கேஸ் புத்தகம் எங்கே, அவரோட வெள்ளை வேட்டி எங்கே. நான் ஊருக்குப் போனாலும் போன் வரும். நம்ம குழுவுல அப்படியா வச்சிருக்கோம்? பெட்டி ஒருத்தர்கிட்ட, சாவி இன்னொருத்தர்கிட்ட. தீர்மான நோட்டை யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம். எழுதுறவங்க வரலைன்னாலும் கூட்டம் நடக்குது. குழுவுல இவ்வளவு ஒழுங்கா இருக்கிற நாம வீட்ல மட்டும் எல்லாத்தையும் மனசுக்குள்ளயே எழுதி வச்சிருக்கோம்.

சரி, பரணுக்கு வர்றேன். நாங்க கட்டியிருந்தது ரெண்டே அறை உள்ள வீடு. குவார்ட்டர்ஸ் சாமான்ல பாதிகூட அதுல அடங்காது. பரண்ல இருந்து இறக்க இறக்க எனக்கே ஆச்சரியம். ஒரு லெக்கோ அடுப்பு. இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்ம ஊர் நிலக்கரியைப் பதப்படுத்திக் கட்டி கட்டியா லெக்கோன்னு விப்பாங்க, புகை அவ்வளவா வராது. அந்த லெக்கோ வந்து எத்தனை வருஷம் ஆச்சு? அடுப்பு மட்டும் பத்திரமா இருக்கு. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் அடிச்சப்போ கரண்ட் தயாரிக்கிற ஊர்லயே மெழுகுவர்த்திக்கு அலைஞ்சோம். அந்தப் பயத்துல வாங்கின மண்ணெண்ணெய் ஸ்டவ் ரெண்டு, காலி கேன் நாலு. மிக்சி மூணு. சீர்ல வந்தது ஒண்ணு, அரசாங்கம் கொடுத்தது ஒண்ணு, ஓடுறது ஒண்ணு. கலர் டிவி கொடுத்தாங்களே, அது ரிப்பேராகி வருஷக் கணக்காச்சு. பையனோட மூணாம் வகுப்பு நோட்டுகூட இருந்துச்சு. அவனுக்கே குழந்தை இருக்கு இப்போ.

இந்த எல்லாத்தையும் நான் தைரியமா வெளியே போட்டேன். பேப்பர் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனின்னு பிரிச்சு வச்சா பழைய சாமான் கடைக்காரர் ஒரு விலை சொல்லுவார், மொத்தமா அள்ளிக் கொடுத்தா வேற விலை. பிரிச்சே கொடுங்க, எடையை நீங்களும் பாருங்க. பழைய டப்பா டிவியை மட்டும் செம்புக் கம்பிக்காக வீட்ல உடைக்காதீங்க. அந்தக் கண்ணாடிக் குழாயில ஈயம் இருக்கு, குழந்தைங்க நடமாடுற இடம். போகிக்கும் அதேதான் சொல்வேன். பாய், துடைப்பம் எரிச்ச காலம் வேற. இப்போ டயரும் பிளாஸ்டிக்கும் எரிச்சுட்டுப் பொங்கல் அன்னிக்கு இருமிக்கிட்டு இருக்கோம்.

அந்த வேகத்துலதான் ஒரு தப்பு பண்ணினேன். இதைச் சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சேன். சொல்லிடறேன்.

என் மாமியாருக்கு 80 வயசு. அவங்க வாழ வந்த ஊர் சுரங்கத்துக்குப் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் கைக்குழந்தையா இருந்தப்போ மாட்டு வண்டியில சாமான் ஏத்திக்கிட்டுக் கிளம்பினாங்களாம். அந்த வண்டியில வந்தது ஒரு மரக்கால், ஒரு ஏணி, கவலை ஓட்டுற இரும்புச் சால். மாடு கட்டிக் கிணத்துத் தண்ணி இறைப்பாங்களே, அந்தச் சால். துரு ஏறி, அடியில ஓட்டை விழுந்து, ஷெட்டுல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல அதையும் இரும்போட சேர்த்துப் போட்டுட்டேன். கிணறே இல்லாத வீட்டுக்குச் சால் எதுக்குன்னு என் கணக்கு.

சாயந்தரம் அவங்க ஷெட்டைப் பார்த்தாங்க. திட்டலை. "சால் எங்க பாப்பா வச்ச?"ன்னு மட்டும் கேட்டாங்க. எல்லாரும் என்கிட்ட கேட்கிற அதே கேள்வி. அன்னிக்குத்தான் எனக்குப் பதில் இல்லை. ராத்திரி சாப்பிடலை. மறுநாளும் சாப்பிடலை. நான் கடைக்கு ஓடினேன். "நேத்தே லோடு ஏத்தி அனுப்பிட்டேன்மா"ன்னார். அவர் மேல என்ன தப்பு? கொடுத்தது நான்.

ரெண்டு நாள் கழிச்சு அத்தையே பேசினாங்க. "எங்க வூட்டு மண்ணுல கெடந்த சாமான் அது ஒண்ணுதான். ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா? காலையில ஒரு தரம் பார்ப்பேன், அவ்ளோதான்." அவங்களுக்கு அந்தச் சால் தண்ணி இறைக்க வேண்டியதில்லை. ஒரு தடவை எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க. மறுபடியும் வீடு மாறப் போற நேரத்துல, அவங்களைக் கேட்காம நான் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கேன். இன்னிக்கும் அதை நினைச்சா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. மன்னிச்சிட்டாங்களான்னு கேட்டதில்லை.

அதுக்கப்புறம் வீட்ல ஒரு முடிவு எடுத்தோம். அவங்கவங்க சாமானை அவங்கவங்கதான் கழிக்கணும். நான் என்னுடையதை மட்டும். அவர் டூல்ஸ் பெட்டியை நான் தொடலை, நாலு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு, அவரே பிரிச்சார். பையன் நோட்டை வீடியோ கால்ல காட்டிக் கேட்டோம். ஒண்ணு வச்சுக்கிட்டான், மத்தது போச்சு. அத்தைக்கு ஒரு டிரங்குப் பெட்டி. அதுல என்ன இருக்குன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. மரக்கால் மட்டும் வெளியே இருக்கு. பொங்கலுக்குப் பச்சரிசி அளக்கிறோம்.

டிவியில, பத்திரிகையில எல்லாம் சொல்றாங்க, ஒரு வருஷம் தொடாத பொருளைத் தூக்கிப் போடுன்னு. ஜப்பான்ல மரீ கொண்டோன்னு ஒரு பெண், பொருளைக் கையில எடுத்துப் பாரு, மனசுக்குச் சந்தோஷம் தருதான்னு கேளு, தந்தா வச்சுக்கோன்னு புத்தகம் எழுதி உலகம் முழுக்கப் பேர் வாங்கினவங்க. அவங்களே மூணாவது குழந்தைக்கு அப்புறம் வீட்டை முன்ன மாதிரி வச்சுக்கிறதில்லைன்னு 2023-ல சொல்லிட்டாங்க. அதைக் கேட்டு எனக்கு அவங்க மேல மரியாதை கூடிடுச்சு. ஆனா நம்ம நிலைமை வேற. நம்மள்ல பாதிப் பேருக்கு வீடே ஒரு அறை, மேல ஷீட்டு. பித்தளை அண்டாவை அஞ்சு வருஷமா தொடலைதான். ஆனா ஆஸ்பத்திரிச் செலவு வந்தா அதுதான் அடகுக் கடைக்குப் போகும். அதைப் போய் எப்படித் தூக்கிப் போடறது? பித்தளையை விக்கப் போனா பாதி விலைதான் சொல்லுவான், புதுசா வாங்கப் போனா முழு விலை.

அதனால எங்க குழுவுல வேற ஒண்ணு பண்ணினோம். என் அண்டாவை வைக்கப் புது வீட்ல இடமில்லைன்னு கூட்டத்துல சொன்னேன். "என் வீட்லயும் ரெண்டு தவலை சும்மா கிடக்கு"ன்னு ஒருத்தர் சொன்னாங்க. அடுத்த வாரத்துக்குள்ள அஞ்சு பேர் வீட்டுப் பரண்ல இருந்து அண்டா, தவலை, பெரிய குண்டான், ஜல்லிக் கரண்டி, அன்னக்கூடைன்னு இறங்கிடுச்சு. யாருடையது எதுன்னு அடியில பெயிண்ட்ல எழுதி, நோட்டுல பதிஞ்சு, ஒரு வீட்டுத் திண்ணை அறையில வச்சோம். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் கஞ்சி எல்லாத்துக்கும் வாடகைக்குப் போகுது. வாடகையில ஒரு பங்கு பாத்திரத்துக்காரங்களுக்கு, மீதி குழுவுக்கு. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கும் வாடகை உண்டுன்னு சொன்னப்போ கொஞ்சம் மனஸ்தாபம் வந்துச்சு. ஒடுக்கு விழுந்தா யார் கொடுக்கிறதுன்னு மூணு கூட்டம் சண்டை போட்டோம். இப்போ தீர்மான நோட்டுல இருக்கு. பழைய காட்டன் புடவைகளையும் அப்படித்தான். தையல் தெரிஞ்ச ரெண்டு பேர் பை தைக்கிறாங்க. 2021-ல அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சப்போ கிடைச்ச யோசனை அது.

காகிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டு முடிச்சுக்கறேன், பின்னாடி டீ ஆறுது. வீடு முழுக்க ஒழுங்கு பண்ண நேரமில்லைன்னா காகிதத்தை மட்டுமாவது பண்ணுங்க. எங்க வீட்ல ஒரே ஒரு தகரப் பெட்டி. பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, பாஸ் புத்தகம், பிறப்புச் சான்று, டி.சி., இன்சூரன்ஸ். எதை எடுத்தாலும் யார் எடுத்தாங்க, என்னிக்குன்னு மூடிக்குள்ள ஒட்டியிருக்கிற தாள்ல எழுதணும். எங்க வீட்டுக்காரரும் எழுதறார். மொதல்ல முணுமுணுத்தார். ஜெராக்ஸ் ஒரு செட் மகள் வீட்ல இருக்கு. வீட்டுப் பத்திரம் தொலைஞ்சா சார் பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனா அசல் காணோம்னு போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம்னு அலையணும். பெட்டி விலை அதைவிடக் குறைவு.

இன்னொண்ணு. நம்மள்ல நிறையப் பேர் கணக்குல இருந்து மே மாசம் 436 ரூபாய் பிடிக்கிறாங்க இல்லையா, பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் பிடிக்கிறது விபத்துக் காப்பீடு. ரெண்டும் ரெண்டு லட்சம். நாம போன பிறகு வர்ற பணம் அது. நம்ம வீட்ல எத்தனை பேருக்கு அது இருக்கிறது தெரியும்? நாமினி யாருன்னு அந்த நாமினிக்கே தெரியாது. கேட்க வேண்டியவங்க கேட்டாத்தானே கிடைக்கும்? எந்த பேங்க், எந்தக் கணக்கு, நாமினி யாருன்னு ஒரு தாள்ல எழுதிப் பெட்டிக்குள்ள வைங்க. "எங்க வச்ச?"ன்னு கேட்க அன்னிக்கு நாம இருக்க மாட்டோம்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் அந்தத் தாளை எழுதிட்டு வந்தோம்னா, ஜெராக்ஸ் எடுக்கிற செலவைக் குழு பார்த்துக்கும்னு தலைவி சொல்லியிருக்காங்க. அண்டா வேணும்கிறவங்க மூணு நாள் முன்னாடி சொல்லிடுங்க. பங்குனி உத்திரத்துக்கு இப்பவே ரெண்டு அண்டா பதிவாயிடுச்சு.