தெரிவு செய்யப் பழக்கும் வகுப்பறை

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பள்ளியிற் படித்து, பின்னர் வெவ்வேறு பாடசாலைகளிற் கற்பித்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் கூடி இவ்வுரையைத் தயாரித்தோம். கல்வி பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். அது பெரிய கடல். நாங்கள் ஒரு சிறு விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே வகுப்பில் வெவ்வேறு நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அவர்களே தெரிந்தெடுக்கும் செயற்பாடுகளைக் கொண்டு எப்படிக் கற்பிக்கலாம் என்பதே அது.

எங்கள் பக்கத்து ஆசிரியைகளுக்கு இது புத்தகம் படித்து அறிந்த பிரச்சினை அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. பாடசாலைக் கட்டடங்களிற் குடும்பங்கள் தங்கின. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே பெயர்ந்தது. திரும்பி வந்து வகுப்பைத் தொடங்கியபோது, கதைப்புத்தகத்தை ஒரே மூச்சில் வாசிக்கும் பிள்ளையும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் ஒரே தரத்தில், ஒரே வாங்கில் இருந்தார்கள். கரும்பலகையில் ஒன்றை எழுதி "எல்லாரும் பார்த்து எழுதுங்கோ" என்றால் ஒருத்திக்கு அலுப்பு, மற்றவளுக்கு வெட்கம். இன்று யுத்தம் இல்லை, பங்கருக்குள் ஓடும் அவசரமும் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போதும் அதே வாங்கில்தான் இருக்கிறார்கள்.

செய்முறையைச் சொல்கிறோம். தரம் 4 கணிதத்திற் பெருக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டி கீறுங்கள். நடுப்பெட்டி எல்லோருக்கும் கட்டாயம்: சந்தையில் ஒரு குவியலுக்கு 24 தேங்காய் வீதம் 6 குவியல், மொத்தம் எத்தனை, எப்படிக் கண்டுபிடித்தாய்? சுற்றிவர உள்ள எட்டுப் பெட்டிகளிலும் வெவ்வேறு வேலைகள். ஒன்றில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கி 7ஆம் வாய்பாட்டைக் காட்டவேண்டும். இன்னொன்றில் வேலி அடைக்க வரிசைக்கு 15 கிடுகு வீதம் எத்தனை தேவை என்று கணக்கிடவேண்டும். பிழையாகச் செய்யப்பட்ட ஒரு கணக்கைக் கொடுத்து, எந்த வரியிற் பிழை என்று கேட்கலாம். மாம்பழ விலைப்பட்டியல் ஒன்று தயாரித்துத் தோழிக்கு ஒரு கணக்கு எழுதச் சொல்லலாம். நடுப்பெட்டியை ஊடறுத்துச் செல்லும் ஏதாவது ஒரு நேர்கோட்டைப் பிள்ளை தெரிந்து, அந்த மூன்று வேலைகளையும் முடிக்கவேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடுவை ஊடறுக்கும் கோடு எப்போதும் எதிரெதிரான இரண்டு பெட்டிகளைத் தொடும். ஆகவே கையாற் செய்யும் வேலை ஒரு பெட்டியில் என்றால், அதற்கு நேரெதிரே எழுத்து வேலையை வையுங்கள். எந்தக் கோட்டை எடுத்தாலும் இரண்டும் வந்துவிடும். தான் விரும்பியதைச் செய்கிறேன் என்று பிள்ளை நினைப்பாள். அவளுக்குத் தேவையானதும் அதற்குள் நடந்துவிடும்.

ஒன்பது பெட்டியும் பெருக்கலாகவே இருக்கவேண்டும் என்பதில் நாங்கள் விடாப்பிடியாக இருக்கிறோம். "விரும்பினால் ஒரு படம் கீறுக" என்று ஒரு பெட்டி வைத்தால், பெருக்கல் வராதவள் அதற்குள்ளே ஒளிந்துகொள்வாள். படம் கீறலாம், அந்தப் படம் பெருக்கலைக் காட்டவேண்டும். அதுபோலவே, 'மெல்லக் கற்போருக்கு' என்று தனித்தாள் கொடுப்பதும் எங்களுக்கு உடன்பாடில்லை. எந்தத் தாள் யாருக்கென்று வகுப்பு முழுவதற்கும் பத்து நிமிடத்திலே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் இலகுவானதையே எடுக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு கிழமையும் எடுப்பார்கள். பிறகு பக்கத்திலிருப்பவள் செய்வது கண்ணை உறுத்தத் தொடங்கும். அப்போதும் நகராத பிள்ளைக்கு அருகில் ஆசிரியை போய் இருக்கவேண்டும். மற்றவர்கள் தம் பாட்டில் வேலை செய்வதால் அதற்கு நேரம் கிடைக்கிறது. இந்த முறையில் எங்களுக்குப் பிடித்ததே அந்த நேரந்தான். வகுப்பிற் சத்தம் கொஞ்சம் கூடும். வராந்தாவால் நடந்துபோகும் அதிகாரிகளுக்கு அதை விளங்கப்படுத்துவது வேறொரு பாடம்!

அக்கரையில், தமிழ்நாட்டில், பிள்ளையின் நிலைக்கேற்பக் கற்பிக்கும் முயற்சி பெரிய அளவில் நடந்தது. ஆந்திராவின் ரிஷிவாலிப் பள்ளியினர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டைமுறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 2007 - 2008 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. பாடம் முழுவதும் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. சுவரிலே ஓர் ஏணிப்படம். தான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பிள்ளை அதிற் பார்த்து, உரிய சின்னம் உள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து, உரிய குழுவிற் போய் இருப்பாள். ஆசிரியையின் துணையோடு படிக்கும் குழு, தோழியின் துணையோடு படிக்கும் குழு என அவை வெவ்வேறு. கரும்பலகைகூடப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்திற் சுவரின் கீழ்ப்பாகத்திற்கு இறங்கி வந்தது. நாட்கணக்கில் வராமல் இருந்த பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். இடப்பெயர்வுக் காலத்தில் அப்படியொன்று எங்கள் கையில் இருந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும்!

ஆனாலும் ஒரு குறை சொல்லவேண்டும். அங்கே வேகம் பிள்ளையுடையது, வழி பிள்ளையுடையது அல்ல. ஏணி ஒன்றுதான். அடுத்த அட்டை எதுவென்று முன்பே எழுதப்பட்டிருக்கும். நாங்கள் சொல்லும் ஒன்பது பெட்டியில் வழியிலும் சிறிது தெரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்துகிறது. பெயர்கள் அழகானவை. என்றாலும் தான் இன்னும் அரும்பு என்பது பிள்ளைக்கு விளங்காமலா போகும்?

இவள் கண்ணாற் கற்பவள், அவள் காதாற் கற்பவள் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சிப் பட்டறைகளையும் பார்த்திருக்கிறோம். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதாற் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். அதற்கு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், எதில் ஆசை என்று பார்த்தாற் போதும்.

எங்கள் நாட்டிலும் வாசல் திறந்தே இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துடன் ஆரம்பக் கல்வியில் விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் சேர்ந்தே வரவேண்டும் என்றாயிற்று. நடைமுறையில் தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை தரம் 3 வரை இறங்கி வந்துவிட்டது. பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள். தரப்பட்ட விடைகளில் ஒன்றுக்குக் கீழே கோடிடுவதுதான் இன்று பிள்ளைக்குக் கிடைக்கும் தெரிவு. பெற்றோரைக் குற்றம் சொல்லமாட்டோம், அந்தப் பரீட்சையாலே முன்னுக்கு வந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். ஆனால் சித்தியடையாத பிள்ளைகளே வகுப்பிற் பெரும்பகுதி. நூற்றாண்டுப் பரிசில்களைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் நினைக்கவேண்டும்.

அதனாற்றான் சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். வளைவு கட்டுவதா, ஸ்மார்ட் போட் வாங்குவதா என்ற பேச்சு நடக்கிறது. இரண்டையும் நாங்கள் எதிர்க்கவில்லை. அதற்கு முன் தரம் 3, 4 வகுப்புகளுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு செயற்பாட்டுப் பெட்டி செய்து தாருங்கள். மட்டை, பசை, புளியங்கொட்டை, சோகி, அட்டைகளை அடுக்க நாலு கடகம் எல்லாம் இங்கேயே கிடைக்கும். செலவு வளைவின் ஒரு தூணுக்கும் வராது. அட்டைகளை எழுதுவதற்குத்தான் ஆட்கள் தேவை.

வெளிநாட்டிலிருக்கும் தங்கைமாரே, அதற்கு நீங்கள் உதவலாம். நீங்கள் வாழும் ஊரைப்பற்றி, தரம் 4 பிள்ளை வாசிக்கக்கூடியதாக எட்டு வரி எழுதி அனுப்புங்கள். ரொறன்ரோவில் பனி விழும் காலையில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போகிறார்கள், லண்டனில் நிலத்துக்குக் கீழே ஓடும் ரயில் எப்படி, சிட்னியில் மார்கழி ஏன் வெயிற்காலம் என்று எழுதலாம். சிறு வசனங்கள், பெரிய எழுத்து, முடிவில் ஒரு கேள்வி. அதே விடயத்தை நாலு வரியிலும் எழுதினால் இன்னும் நல்லது, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் ஒன்று இருக்கும். உங்கள் பெயரையும் படித்த ஆண்டையும் அட்டையின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள். வருகிற தை மாதம் வகுப்புகள் தொடங்குமுன் எங்கள் கைக்குக் கிடைத்தாற் போதும்.