மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தும் முறைகள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவு மாடுகள் கட்டியிருந்த கொட்டிலில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பால் கேனைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், உரமூட்டையை வயலுக்குச் சேர்ப்பதும் அதுவே. மாட்டுக்கு லாடம் அடிப்பவர், முதலில் அதைக் கயிறு கட்டிப் படுக்க வைத்து, கால்களைப் பிணைத்த பிறகே சுத்தியலை எடுப்பார். யந்திரத்தையும் அவ்வாறே அசையாமல் நிறுத்திய பின்னரே தொட வேண்டும் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை.

நானும் நினைத்தவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், என் வீட்டுப் புழக்கடையில் இரண்டு செங்கல்லை அடுக்கி, அவற்றின் மேல் வண்டியின் ஸ்டாண்டை ஏற்றிச் சங்கிலியைத் துடைத்துக் கொண்டிருந்தேன். ஈர மண்ணில் செங்கல் சாய்ந்தது. வண்டி என் காலின் மேல் விழுந்து விரல் எலும்பு முறிந்தது. சற்று முன்வரை அதே இடத்தில் என் சிறு மகள் உட்கார்ந்திருந்தாள். அன்று கற்ற பாடமே இன்றைய பேச்சு.

ஸ்டாண்டு

நூறு சி.சி. வண்டியே ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ளது. புல்லட் போன்றவை 190 கிலோவுக்கும் அதிகம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த பாரம் ஒரு சிறு முனையின் மேல் நிற்கிறது. மண் தரையானால் அடியில் ஒரு பலகைத் துண்டு வைப்பது அவசியம். பழுது பார்க்க டபுள் ஸ்டாண்டே ஏற்றது. இதைப் போடும்போது வண்டியை இடுப்பால் இழுக்கலாகாது. ஸ்டாண்டின் இரு கால்களும் தரையைத் தொட்டதும், அதன் மிதியின் மேல் உடல் எடை முழுவதையும் வைத்து நின்றால், நெம்புகோல் முறையில் வண்டி தானே எழும்பும்.

சங்கிலியைத் துடைக்கையில் சக்கரத்தைக் கையால் மட்டுமே சுழற்றுங்கள். யந்திரத்தை ஓட்டியபடி துணியை வைத்தால் துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போகும்.

லிஃப்ட்

பட்டறைகளில் காலால் மிதித்து உயர்த்தும் ஹைட்ராலிக் லிஃப்ட் மேடை பயன்படுகிறது. வண்டி இடுப்பளவு உயர்வதால், நாள் முழுதும் குந்தியிருந்து முதுகு வலி காணும் மெக்கானிக்குக்கு இது பெரிய சௌகரியம். வண்டியை மேடையில் ஏற்றுகையில் இருவர் இருப்பது நலம். முன் சக்கரத்தை இடுக்கியில் பூட்டி, இருபுறமும் பட்டைகளால் இழுத்துக் கட்டிய பிறகே உயர்த்த வேண்டும். உயர்ந்ததும் பாதுகாப்பு முளையை மாட்டுங்கள். எண்ணெய் அழுத்தம் எந்நேரமும் குறையலாம். முளையில்லாத மேடையின் கீழ் கையை விடாதீர்கள். சிறு ஜாக்கியை உபயோகிப்போர் அதை வண்டியின் சட்டத்தின் கீழ்தான் வைக்க வேண்டும்; சைலன்சர் குழாயின் கீழோ, எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் கீழோ வைக்கலாகாது.

டாலி

டாலி என்பது சிறு உருளைச் சக்கரங்கள் பொருத்திய இரும்புப் பலகை. வண்டியை அதன் மேல் நிறுத்திவிட்டால், திருப்ப இடமில்லாத குறுகிய அறையிலும் பக்கவாட்டில் தள்ளிச் சுவரோரம் சேர்க்கலாம். ஆனால் இது வழவழப்பான சிமென்டுத் தரைக்கே உரியது. மண்ணிலும் சரிவிலும் கவிழ்ந்துவிடும். நிறுத்தியதும் சக்கரப் பூட்டுகளைப் போடுங்கள். டாலியில் நிற்கும் வண்டியின் மேல் ஒருவரும் ஏறி உட்காரக் கூடாது.

நீண்ட நாள் நிறுத்துவதானால்

வெளிநாட்டு வேலைக்குச் சென்ற மகனின் வண்டி மாதக்கணக்கில் நிற்கும் வீடுகள் பல. அவ்வண்டியை இரு சக்கரங்களும் தரையில் படாதவாறு உறுதியாக நிறுத்துங்கள். இயலாவிடில் இரு வாரத்துக்கொரு முறை சக்கரத்தைச் சற்று உருட்டி வைத்தால் டயர் ஓரிடத்தில் தட்டையாகாது. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். பெட்ரோல் ஆவி தங்கும் மூடிய அறையில் விளக்கோ அடுப்போ வேண்டாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மெக்கானிக் இளைஞர்களைக் கூட்டிப் பேசுங்கள். தனியாக லிஃப்ட் வாங்க இயலாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிக் கொள்ளலாம். அதுவரை ஒரு சமதளச் சிமென்டுத் திட்டும், இரண்டு கனத்த பலகைகளும் போதும். செங்கல்லை மட்டும் நம்பாதீர்கள்.