சாத்துக்குடியில் பழகிய ஊசி

இன்று செவிலியர் பட்டம் வாங்கும் என் பிள்ளைகளே,

36 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டு. உங்களிடம் ஒரே ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வந்திருக்கும், தேர்வுக்கு இரண்டு மதிப்பெண். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. ஆஸ்பத்திரியில் சி.ஏ.எச். என்போம்.

1991-ல் ஓர் இரவுப் பணி. கிராமத்திலிருந்து 17 நாள் ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாக வாந்தி. பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. வாந்தி பேதியில் நீர்ச்சத்து போய்விட்டது என்று டிரிப் ஏற்றினோம். நடுவில் கொஞ்சம் கண் விழித்தது. விடியும் முன் போய்விட்டது. உடம்பைத் துடைத்தபோது முலைக்காம்பைச் சுற்றியும் விதைப்பையிலும் தோல் கருகருவென்று இருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி, "பொறந்தப்ப இவ்ளோ கறுப்பில்லையேம்மா" என்றார். கேட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதே தாய், அடுத்த ஆண் குழந்தையோடு அதே வார்டுக்கு வந்தார். 12-ஆம் நாள். அதே வாந்தி. இந்த முறை பணியில் இருந்த இளம் மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். சோடியம் சரிந்திருந்தது, பொட்டாசியம் ஏறியிருந்தது. குழந்தையின் தோலைப் பார்த்தார். "சிஸ்டர், ஹைட்ரோகார்டிசோன் எடுங்க" என்றார். உப்பு கலந்த டிரிப்போடு அந்த ஊசியும் போனது. சாயங்காலம் குழந்தை பால் குடித்தது.

ஆஸ்துமா இழுப்புக்கு வார்டில் நாள்தோறும் எடுக்கிற மருந்து அது. அவசர டிரேயில் எப்போதும் இருக்கும். மூத்தவன் செத்த இரவிலும் இருந்தது. அந்த அம்மா என்னிடம் கேட்டார், "அப்ப பெரியவனுக்கும் இந்த ஊசியப் போட்டிருந்தா?" நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இந்த நோயில் நடப்பது இதுதான். இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது, அட்ரீனல். கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை அது செய்ய வேண்டும். காய்ச்சல், அடி, அறுவை என்று உடம்பு நெருக்கடிக்கு உள்ளாகும்போது கார்டிசால்தான் தாங்கிப் பிடிக்கிறது. உப்பை உடம்பில் நிறுத்தி வைப்பது ஆல்டோஸ்டிரோன். இவற்றைச் செய்யத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் பிறவியிலேயே குறைந்திருந்தால் இரண்டும் போதிய அளவு ஊறாது. மூளை விடாமல் விரட்டுவதால் சுரப்பி பெருத்துவிடும், தோலும் கறுக்கும். செய்யத் தெரிந்த ஒன்றை மட்டும் அளவுக்கு மீறிச் செய்யும், அது ஆண் ஹார்மோன். கருவிலேயே இது நடப்பதால் பெண் குழந்தையின் பிறப்புறுப்பு வெளித்தோற்றத்தில் மாறிப் பிறக்கலாம். உள்ளே கருப்பையும் சினைப்பையும் சரியாகவே இருக்கும். ஆண் குழந்தை பார்க்க எந்த வித்தியாசமும் இல்லாமல் பிறந்து, தாயோடு வீட்டுக்குப் போய், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் உப்பு சிறுநீரில் இறங்கிச் சரிந்துவிடலாம். பையன்கள்தான் நோயின் பெயர் தெரியாமலே சாகிறார்கள்.

1950-க்கு முன் இதற்கு மருந்து கிடையாது. அந்த வருடம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லாசன் வில்கின்ஸ் என்ற குழந்தை மருத்துவர் கார்டிசோன் கொடுத்துப் பார்த்து வழி திறந்தார். இன்று ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை, கைக்குழந்தைக்குக் கூடவே கொஞ்சம் உப்பு. விலை உயர்ந்த மருந்துகள் அல்ல. ஆனால் ஒரு நாள்கூட விட முடியாது, ஆயுள் முழுக்க. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் ஊசி, உடனே.

அபூர்வ நோய்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்ததில் 5,762 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. சென்னையில் சுமார் 2,000-க்கு ஒருவர். நம் ஊர்ப் பிரசவ எண்ணிக்கையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மருத்துவர் இந்தக் குழந்தையைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் வீட்டில். ஒரு வீட்டில் தாய் இழவுக்குப் போனார், ராத்திரி திரும்ப முடியவில்லை. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. இன்னொரு வீட்டில் திருவிழாவுக்கு வந்த சித்தப்பா, "ஸ்டீராய்டு குடுத்துப் புள்ளைய ஊத வைக்கிறீங்களே" என்று சொல்லி நிறுத்த வைத்தார், நான்காம் நாள் ஐ.சி.யூ. ஒரு சிறுமி அடுக்களையில் கல் உப்பை அள்ளி அள்ளித் தின்பாள், ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கின தண்ணீரைக் குடிப்பாள். ஆச்சி கையிலேயே அடி போடுவார். அந்தப் பிள்ளையின் உடம்பு உப்புக்குக் கெஞ்சியது, வீட்டில் அதைத் திருட்டுப் புத்தி என்றார்கள். இங்கே மருந்துச் சீட்டு மட்டும் என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு. பிரசவ அறை வாசலில் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன குழந்தை?" இந்தப் பெற்றோர் சிலரிடம் அதற்கு உடனே பதில் இருக்காது. மருத்துவர்களே பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பார்கள். அந்த இரண்டு மூன்று நாளில் ஒரு குடும்பம் வாயை மூடக் கற்றுக்கொள்கிறது. பிறகு திறப்பதே இல்லை. துணி மாற்றக்கூட அடுத்தவரை விடமாட்டார்கள். அம்மா வீட்டுக்கும் போகமாட்டார்கள். ரகசியத்தைக் காப்பாற்றப் போய், ஆபத்துக்குக் கூப்பிட ஓர் ஆள் இல்லாமல் போகிறது.

நானும் என் பங்குக்குக் காயப்படுத்தியிருக்கிறேன். "சொந்தத்துலயா கட்டுனீங்க?" என்று ஹிஸ்டரி எடுக்கும்போது சாதாரணமாகக் கேட்போம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற ஊர் இது, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குழந்தையை மடியில் வைத்திருக்கிறவள் காதில் அது தீர்ப்பாக விழுகிறது. பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். சொந்தம் விட்டுக் கட்டினவர்களுக்கும் வருகிறது. இதைப் பக்கத்தில் நிற்கும் மாமியாரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு தடவை அப்படிச் சொன்னபோது அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எட்டு மாதமாக அவளைப் பிறந்த வீட்டில் விட்டு வைத்திருந்தார்களாம்.

2006-ல் ஒரு செவ்வாய்க்கிழமை. புறநோயாளிகள் பகுதி பெஞ்சில் ஒரு தாய், எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, பிளேடால் மாத்திரையை நாலாக நறுக்கிக்கொண்டிருந்தார். தூள் சிதறாமல் இருக்க முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டார். அடுத்து உட்கார்ந்திருந்த பெண் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "உங்க புள்ளைக்கும் இந்த மாத்திரையாக்கா?" என்றாள். அவ்வளவுதான். நாலு மணி பஸ்ஸையும் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரின் பெயர்களும் என் பதிவேட்டில் மூன்று வருடமாக அடுத்தடுத்த வரியில் இருந்தன. நான்தான் எழுதினேன். ஒருத்திக்கு இன்னொருத்தியைக் காட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்க ஆரம்பித்தேன், "உங்களை மாதிரி ஒரு வீடு இருக்கு, பேசுறீங்களா?" சம்மதம் கேட்காமல் யார் பெயரையும் யாரிடமும் கொடுத்ததில்லை. சிலர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் வேண்டாம் என்று சொல்லி நாலு வருடம் கழித்துச் சரி என்றார். முதலில் ஐந்து குடும்பம், பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வார்டுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில்.

அங்கே பெரிய சொற்பொழிவெல்லாம் கிடையாது. ஃப்ளூட்ரோகார்டிசோன் எல்லா மருந்துக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். மதுரைக்குப் போகிற ஒருவர் மூன்று வீட்டுக்குச் சேர்த்து வாங்கி வருவார். இருப்பு தீர்ந்தவருக்கு இன்னொருவர் ஓர் அட்டை கொடுத்து அடுத்த மாதம் திரும்ப வாங்கிக்கொள்வார். ஊசி போடச் சாத்துக்குடியில்தான் பழகினோம். 100 மில்லிகிராம் குப்பி, 2 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்தால் மூன்று வயதுக்குள் அரை மில்லி, பன்னிரண்டு வயதுவரை ஒரு மில்லி, அதற்கு மேல் முழுதும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருந்தார். சிரிஞ்சில் அரை மில்லிக் கோட்டின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துக் கொடுத்தோம். மூன்று சாத்துக்குடியைத் துளைத்த பிறகு கை நடுக்கம் நின்றது. அந்தப் பாட்டி ஒரு மழை இரவில், 108 வண்டி வந்து சேரும் முன், பேரன் தொடையில் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

ஸ்டீராய்டு பயத்துக்கு நான் எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கிறேன், எடுபடாது. தன் மூத்த மகனைப் பறிகொடுத்த அந்த அம்மா சொல்வார்: "இது வெளிமருந்து இல்லம்மா. நம்ம புள்ளை உடம்புல ஊற வேண்டியது ஊறல. அதத்தான் நாம மூணு வேளையும் ஊத்துறோம்." அதற்கு மேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

நான் தவறு செய்த இடமும் உண்டு. ஒரு கிராமத்தில் அண்டை வீட்டாருக்குத் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று நினைத்து, தேவைக்கு மேல் பேசிவிட்டேன். அந்தப் பெண் குழந்தையைப் பற்றி ஊரே பேசியது. ஆறு மாதத்தில் குடும்பம் ஊரைக் காலி செய்தது. அதற்குப் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தெரிய வேண்டியது ஊசியைப் பற்றி மட்டும். காய்ச்சலோடு வாந்தி வந்தால் இந்தக் குப்பி, இந்த அளவு, இந்த எண்ணுக்குப் போன். குழந்தையின் உடம்பு எப்படி என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வளர்ந்தபின் யாரிடம் சொல்லலாம் என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பிறப்புறுப்பை மாற்றும் அறுவை சிகிச்சை விஷயத்திலும் அவசரப்படக்கூடாது என்று நம் மாநிலம் முன்னால் நின்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழிகாட்டியது. உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, பிறப்புறுப்பின் தோற்றம் இப்படி மாறிப் பிறக்கும் இடைபால் குழந்தைகளுக்குப் பாலின அறுவை செய்யக்கூடாது என்று அதே ஆண்டில் அரசாணை வந்தது.

வியட்நாமிலும் இதே கதை நடந்திருக்கிறது. மாத்திரையே கிடைக்காமல் ஹனோயில் குடும்பங்கள் தவித்தபோது, ஆஸ்திரேலியாவின் கேட் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் 2004-ல் தொடங்கிய அமைப்பு கைகொடுத்தது. மருந்தை அனுப்பியதோடு நிற்காமல், பெற்றோர் ஒன்றுகூட வழிசெய்தார்கள். அண்டை வீட்டாராய் வாழ்வது என்பதையே அந்த அமைப்பின் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எங்கள் வேப்பமரம்தான் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளே, நாளைக்கு உங்களில் ஒருவர் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருப்பீர்கள். துவண்ட குழந்தையோடு ஒரு தாய் ஓடி வருவார். லேமினேட் செய்த ஒரு தாளை நீட்டி, "முதல்ல இந்த ஊசியப் போடுங்க, மத்தத அப்புறம் கேளுங்க" என்பார். படிக்காதவள் நமக்கு உத்தரவு போடுகிறாளே என்று ஒரு நொடி சுருக்கென்று இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது. தாளை வாங்கிப் படியுங்கள். மருத்துவரை அழைத்துக்கொண்டே குப்பியைக் கரையுங்கள். அந்த மருந்து உங்கள் டிரேயில் இருக்கும். மறுநாள் அந்தத் தாய் உட்கார்ந்து மூச்சு விடும்போது, அவளை மாதிரி இன்னொருத்தியை உங்களுக்குத் தெரியுமா என்று உங்கள் பதிவேட்டைப் புரட்டுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சனிக்கிழமைகளுக்குப் போகிறேன். போன மாதம் ஓர் இளைஞன் வந்திருந்தான். மனைவி குழந்தையோடு வார்டில். அவன் மரத்தடிக்கு வராமல் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமே நின்றான். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் எழப் போனேன். எனக்கு முன்னால் அந்த அம்மா எழுந்து போனார், 1991-ன் அம்மா. இளைய மகனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, எலக்ட்ரீசியன். அந்த இளைஞனிடம் போய் நின்றார். எல்லோரும் கேட்கிற அந்த முதல் கேள்வியை அவர் கேட்கவில்லை.

"வாந்தி நின்னுருச்சாய்யா?"

"நேத்து ராத்திரிலருந்து இல்லம்மா."

"உப்பு எவ்ளோ குடுக்கச் சொல்லிருக்காங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். நாலாக மடித்திருந்தது. அவர் அதைப் படித்துக்கொண்டே நடந்தார். அவனும் கூடவே நடந்து வந்து பாயில் உட்கார்ந்தான்.