சாட்டனூகா: பாலத்தில் நடந்து பார்த்த ஊர்

சிக்காகோ குளிரில் பதினைந்து வருடம் இருந்த என் நண்பர் குடும்பம், தெற்கே குடிபெயர்வதென்று முடிவு செய்தது. அட்லாண்டா மாதிரி பெருநகரமும் வேண்டாம், ஒரேயடியாகச் சின்ன ஊரும் வேண்டாம், நடுவாந்தரமாக ஒன்று போதும் என்றார்கள். ஊர் பார்க்க அவர்களோடு நானும் கிளம்பினேன். ஹன்ட்ஸ்வில், நாக்ஸ்வில் பார்த்த பிறகு டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவுக்கு வந்தோம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 1,81,000 பேர்.

லுக்அவுட் மலையடிவாரத்தில் டென்னசி ஆறு திரும்புகிற இடம், மேலிருந்து பார்த்தால் காலடித் தடம் போலவே இருக்கிறது. அதைப் பார்க்க இழுவை ரயிலில் ஏறினோம். 1895இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. உச்சியை நெருங்கும்போது பாதையின் ஏற்றம் மிகவும் கடுமையாகிவிடுகிறது; நண்பரின் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மலைகள் சூழ்ந்த அழகே ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வினையானது. வார்ப்பட ஆலைகளின் புகை வெளியேற வழியில்லாமல் பள்ளத்தாக்கில் தங்கியது. நாட்டிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன நகரம் என்று 1969இல் பெயர் வாங்கியது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினார்களாம். இன்று அந்த ஆற்றங்கரையில் நின்று நன்றாக மூச்சு விட முடிகிறது. ஊரார் பிடிவாதமாக உழைத்து மீட்ட காற்று. எனக்கு இந்த ஊரைப் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

சாயங்காலம் வால்நட் தெருப் பாலத்துக்குப் போனோம். 1891இல் திறந்த இரும்புப் பாலம். வலுவிழந்துவிட்டதென்று 1978இல் வண்டிகளை நிறுத்தினார்கள். இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது ஊரார் விடவில்லை. பணம் திரட்டிப் பழுது பார்த்து, 1993இல் நடப்பவர்களுக்கென்றே திறந்தார்கள். காலுக்கடியில் மரப்பலகை, தலைக்கு மேல் நீல நிற இரும்புச் சட்டங்கள். குழந்தை வண்டியைத் தள்ளுகிறவர்கள், ஓடுகிறவர்கள், கைகோத்து நடக்கும் கிழவனும் கிழவியும்.

அதே பாலத்தின் தென்முனையில் மூன்று வெண்கல உருவங்கள் நிற்கின்றன. 1906இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து இந்தப் பாலத்தில்தான் தூக்கிலிட்டது. அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை நிறுத்திவைக்கும்படி அமெரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் அது நடந்தது. 2000இல்தான் அவர் மீதான தீர்ப்பு ரத்தானது. அவருக்கும், அவருக்காக வாதாடிய இரண்டு கறுப்பின வழக்கறிஞர்களுக்கும் 2021இல் நினைவகம் எழுப்பினார்கள். நண்பரின் மகள் கல்வெட்டை முழுக்கப் படித்துவிட்டு, வெகு நேரம் பேசவில்லை. பிள்ளைகளை வளர்க்க ஊர் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டும்.

இனி அன்றாடச் சங்கதிகள். ஊருக்குச் சொந்தமான மின்வாரியமே 2010 முதல் வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் தருகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நண்பருக்கு அது பெரிய வசதி. சம்பளத்துக்கு மாநில வரி இல்லை. ஆனால் அரிசி பருப்பு வாங்கினாலும் விற்பனை வரி உண்டு. கார் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். ஒரு பாட்டால் உலகமெல்லாம் தெரிந்த ஊரின் பழைய ரயில் நிலையம் இன்று தங்கும் விடுதி உள்ள வளாகம். பயணிகள் ரயில் வருவதே இல்லை. கோடையில் புழுக்கம், வசந்தத்தில் மகரந்தத் தும்மல்.

"கோயில்?" என்று கேட்டார் அம்மா. நாஷ்வில் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றேன். அட்லாண்டாவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். "மாதம் ஒரு தடவை போனால் போதும்ப்பா" என்றார். அந்தப் பாலத்தை இரண்டு முறை நடந்து கடந்திருந்தார் அவர்.

உடனே வீடு வாங்காதீர்கள், நாலு பருவமும் இருந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வடகரையில், பாலத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு வருட வாடகைக்கு வீடு பேசி முன்பணம் கொடுத்தார்கள்.