தங்கை கண்ட தமையன்

நாட்டுத் தலைவர் ஒருவரை அளக்கப் புகுவோர், அவர் ஏறிய மேடைகளையும் ஆற்றிய உரைகளையும் கொண்டே அளப்பர். அவரோடு ஒரு கூரையின்கீழ் வளர்ந்தோர் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஜவகர்லால் நேருவின் இளைய தங்கை கிருஷ்ணா ஹத்தீசிங் எழுதிவைத்த நினைவுகள் அத்தகைய அளவுகோலாகும்.

ஜவகர்லால் பிறந்தது 1889இல்; கிருஷ்ணா பிறந்தது 1907இல். 1905ஆம் ஆண்டிலேயே தமையனார் கல்வி கற்க இங்கிலாந்து சென்றுவிட்டமையால், அலகாபாத்தில் ஆனந்தபவனத்தில் வளர்ந்த சிறுமிக்கு அவர் வெறும் பெயராகவே இருந்தார். 1912இல் அவர் பரிஸ்டராகத் திரும்பினார். அன்னை சுவரூபராணி பூரித்தார். வீடு முழுவதும் பரபரப்பு. ஐந்து வயதை எட்டிக்கொண்டிருந்த தங்கையின் உள்ளத்திலோ எழுந்தது பொறாமை! அன்னையின் அன்பைப் பறிக்க அந்நியர் ஒருவர் வருகிறாரே என்று அக்குழந்தை எண்ணியது. பிற்காலத்தில் இதனை ஒளியாமல் எழுதியமையே அவரது சாட்சியத்துக்கு மதிப்பளிக்கின்றது.

அந்த அந்நியரே பின்னர் வழிகாட்டியானார். ஆனால் அவரை முழுமையாகப் பெறும் பேறு குடும்பத்துக்குக் கிட்டவில்லை. ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் தந்தை மோதிலால் பெருவருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பர் 6ஆந் திகதி தந்தையும் மைந்தரும் ஒரே நாளில் சிறைப்பட்டனர். அபராதம் செலுத்த மறுத்தமையால் பொலிசார் வந்து வீட்டுத் தளபாடங்களை எடுத்துச் சென்றனர். அப்போது கிருஷ்ணாவுக்கு வயது 14. செல்வத்தில் வளர்ந்தவர், நாட்டுப்பற்றின் விலையைத் தம் வீட்டுக் கூடத்திலேயே கண்டார்.

1931 பெப்ரவரியில் மோதிலால் காலமானார். குடும்பப் பொறுப்பு ஜவகர்லாலின் தோளில் விழுந்தது. அவ்வாண்டே அவர் மனைவியோடும் மகளோடும் இலங்கை வந்து நுவரெலியாவில் ஓய்வுகொண்டமை நம்மவர் அறிந்ததே. தங்கை மறவாதது வேறொன்று. தந்தையின் உடைமைகளுக்குத் தாம் உரிமையாளர் அல்லர் என்றும், அன்னைக்காகவும் தங்கைக்காகவும் அவற்றைக் காக்கும் தருமகர்த்தா மாத்திரமே என்றும் தமையனார் அவருக்குக் கடிதம் எழுதினார். மேடையில் பேசிய கொள்கையை அவர் தம் வீட்டுக் கணக்கிலும் கைவிடவில்லை.

1932இல் கிருஷ்ணாவும் தமக்கை விஜயலட்சுமியும் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். மறு ஆண்டு ஆகஸ்டு இறுதியில் விடுதலையான ஜவகர்லால், 1934 பெப்ரவரியில் மீண்டும் கைதானார். இடையிற் கிடைத்த அந்த ஐந்தரை மாதங்களுக்குள்தான், 1933 ஒக்டோபரில், தங்கையின் திருமணம் எளிமையாக நடந்தேறியது. சிறைக்கும் சிறைக்கும் நடுவே மணநாள் தேடவேண்டிய குடும்பம் அது!

கணவரும் தமையனாரும் சிறையில் இருந்த காலத்தில், தனிமையிலிருந்தவாறே கிருஷ்ணா தம் நினைவுகளை எழுதினார். 1944இல் வெளியான அந்நூலுக்கு, ‘வருத்தம் ஏதுமின்றி’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டார். இழந்தது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தவரே அத்தலைப்பைத் துணிந்து இடமுடியும்.

ஜவகர்லால் 1964இலும் கிருஷ்ணா 1967இலும் மறைந்தனர். தலைவரின் புகழில் நாடு முழுவதற்கும் பங்குண்டு. அவரை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டு வாயிலில் காத்திருந்தோரின் பங்கையும் வரலாறு மறத்தலாகாது.